வலது கை விரல்

தூத்துக்குடி
செவ்வாய், இரவு

அன்பு மக்கா,

பொங்கலுக்குப் பேசியதோடு சரி. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரையும் உன் தங்கச்சிக்கு என்மேல் கோபமும் குறையவில்லை, அவ்வளவுதான்.

எழுதக் காரணம் நம் கிரேன் அண்ணாச்சியின் பேரன். கப்பலில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலை. போன வாரம் கம்பி நழுவி வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ‘எந்தக் கம்பெனி?’ என்றார்கள். அவனுக்குத் தெரிந்தது காலையில் வேனில் ஏற்றிப் போகும் சூப்பர்வைசரை மட்டும்தான். அந்த ஆளுக்கு மேலே ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்கும் மேலே இன்னொருவர். மூன்று பேருக்கும் நானே போன் போட்டேன். மூன்று பேரும் ‘அவங்ககிட்ட கேளுங்க சார்’தான்.

அண்ணாச்சி கப்பல் அறைக்குள் விழுந்து போர்ட் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாரே, எடை கூடித் திரும்பினாரே! சம்பளமும் வந்தது. அன்றைக்கு ஆள் அதிகம்தான், பாதி கேங் டீக்கடையில் இருக்கும். நீ எந்தப் பாதி என்று நான் சொல்ல வேண்டாம். கப்பல் காத்துக் கிடந்ததும் பொய்யில்லை. அதனால்தான் 1998-ல் கன்டெய்னர் முனையத்தை 30 வருடத்துக்குச் சிங்கப்பூர் கூட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தபோது நான் கொடி பிடிக்கவில்லை.

பிறகு போர்ட்டுக்குக் கட்டும் ராயல்டி கட்டுப்படியாகவில்லை, வருவாயில் பங்காக மாற்று என்று அந்தக் கம்பெனி வழக்கு. ஒரு தரப்பு சம்மதிக்காமல் ஒப்பந்தத்தை மாற்றி எழுத முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் 1963 துறைமுகச் சட்டம் போய்ப் புதுச் சட்டம். இனி வருகிற தனியார் முனையங்கள் சந்தையைப் பார்த்துத் தாங்களே கட்டணம் வைத்துக்கொள்ளலாம். போர்ட் வீட்டுக்காரர் மாதிரி வாடகை வாங்கும். குடியிருப்பவர் வீட்டில் யார் கை நசுங்கினால் அவருக்கென்ன?

கம்பெனிக்கு நட்டம் என்றால் உச்ச நீதிமன்றம் வரை போகலாம். இவன் எந்த வாசலில் நிற்பான், சொல்லு.

யூனியனில் இருந்தபோது இழப்பீட்டு மனுவெல்லாம் நீதானே எழுதுவாய்? ஒப்பந்தக்காரருக்கு மேலே இருக்கிற முதலாளியும் பொறுப்பு என்று அன்றைய 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவை அடிக்கடி சொல்வாயே. ஞாயிற்றுக்கிழமை வா. கண்ணாடியை மறக்காதே. மக்ரூன் வாங்கி வைக்கிறேன். போன தடவை மாதிரி வீட்டுக்குக் கொடுத்ததைப் பஸ்ஸிலேயே காலி செய்யாதே.

பையன் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான்.

உன்,
பழைய டாலி கிளார்க்