விம்போல் தெருவிலிருந்து அக்காவுக்கு

லண்டன்,
நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே நான்கரை மணிக்கே இருட்டிவிடுகிறது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பினால் வெயிலைப் பார்ப்பது ஜன்னல் வழியாகத்தான். வாடகை கொடுத்தபின் சம்பளத்தில் மிஞ்சுவது கொஞ்சம், ஆனாலும் சமாளிக்கிறேன்.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். 'உன்னை எப்படியெல்லாம் நேசிக்கிறேன், எண்ணிச் சொல்கிறேன்' என்று தொடங்கும் பதினாலு வரிக் கவிதையை, அந்தச் சானெட்டை நீ வகுப்பில் நடத்துகிறாயே, அதை எழுதிய எலிசபெத் பாரெட் இருந்த விம்போல் தெரு எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கம்தான். 50ஆம் எண்ணில் பழைய வீடு இல்லை, இடித்துக் கட்டிவிட்டார்கள். பெயர்ப்பலகை இருக்கிறது.

இந்த ஊரில் அதைக் கல்யாணங்களில் வாசிக்கிறார்கள். ஆனால் அது 44 சானெட்டுகள் கொண்ட தொடரில் 43ஆவது. முதல் சானெட்டில் யாரோ பின்னாலிருந்து அவள் முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். மரணம் என்கிறாள். இல்லை, காதல் என்று பதில் வருகிறது. அவள் மரணம் என்று நினைத்ததில் வியப்பில்லை அக்கா. பல வருடம் நோயாளி. உயிரான தம்பி 1840இல் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் படகு கவிழ்ந்து இறந்தான். அப்பாவோ பிள்ளைகள் யாரையும் கல்யாணம் செய்ய விடாதவர். இதெல்லாம் தெரிந்தபின் 43இன் கடைசி வரிகளைப் படி. பழைய துயரங்களில் கொட்டிய வேகத்தையும் சின்ன வயது நம்பிக்கையையும் எடுத்துக் காதலன் ராபர்ட் பிரவுனிங்குக்குக் கொடுக்கிறாள்.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னால் வருகிறது. ஆன்மா எட்டும் ஆழம், அகலம், உயரம் என்று பேசிக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு நாளின் சத்தமில்லாத தேவை அளவுக்கும் உன்னை நேசிக்கிறேன், வெயிலிலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் என்கிறாள். படுக்கையில் கிடந்தவளுக்குத்தான் இப்படி எழுதத் தோன்றும். எங்கள் வார்டில் ஒரு தாத்தா தினமும் வந்து பாட்டியின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவார். கவிதை சொல்வது அந்த அன்பைத்தான்.

1846 செப்டம்பர் 12 அன்று வேலைக்காரப் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு செயின்ட் மேரிலபோன் தேவாலயத்துக்குப் போனாள். நானும் அந்த வழியே நடந்தேன், சின்னத் தூரம்தான். அதற்குள் அவளுக்கு மயக்கம் வந்து மருந்துக்கடையில் நின்றிருக்கிறாள். அங்கே பிரவுனிங்கோடு ரகசியமாகக் கல்யாணம் முடிந்து வீட்டுக்கே திரும்பி, ஒரு வாரம் கழித்து அவரோடு இத்தாலிக்குக் கிளம்பினாள். கணவரிடமே இந்தச் சானெட்டுகளை 1849இல்தான் காட்டினாள், மறு வருடம் அச்சில் வந்தன.

இத்தாலியிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதங்களை அவர் பிரிக்காமலே வைத்திருந்து, முத்திரை கலையாமல் திருப்பி அனுப்பினார். கடல் கடந்து இருக்கிற எனக்கு இதைப் படித்தால் தாங்கவில்லை அக்கா. கடைசிவரை அவர் மன்னிக்கவில்லை.

உன் பிள்ளைகளுக்கு 43ஐ நடத்தும்போது முதல் சானெட்டையும் சேர்த்தே நடத்து. அடுத்த வாரம் எனக்கு இரவுப் பணி, ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை