மாவட்ட மன்றக் கூட்டத்துக்கு நாமும் போய் உட்காரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர் மாவட்ட மன்றத்தின் முழுமன்றக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். "நீ என்ன கவுன்சிலரா, அங்கே போறதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள், பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் கேட்டார். உங்கள் வாசகர்கள் பலருக்கும் இது தெரியாமல் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். நம் மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, அதன் 23-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால்தான் நம்மை வெளியே அனுப்ப முடியும்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தில், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். நான் பிறந்தபோது அது பால்மரக்காடு, அதாவது ரப்பர் தோட்டம். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தேன். தோட்டம் கைமாறி, மரம் மாறி, ஆட்களும் மாறிய பிறகு எங்களைப் போன்ற குடும்பங்கள் ஊரோரத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மலிவு விலை வீடு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தன. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு லோங்காங், அதாவது கழிவுநீர்க் கால்வாய், ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்லக்கூடாது, நிற்கிறது. கடைத்தெருவிலிருந்து வரும் எண்ணெய் அழுக்கு ஒரு பக்கம், தோட்டத்திலிருந்து அடித்து வரும் ஓலையும் மண்ணும் ஒரு பக்கம். ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும், தண்ணீர் அடுப்படிக்கு வந்துவிடும். துணி துவைக்கும் மெஷினை நான்கு பக்கமும் மூன்று மூன்று செங்கல் அடுக்கி அதன் மேல்தான் வைத்திருக்கிறேன். இரண்டாவது செங்கல் வரைக்கும் சேற்றுக்கறை இருக்கிறது, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

இதற்காக இரண்டு வருடம் அலைந்தேன். மன்ற முகப்புக் கவுண்டரில் கேட்டால் அது தோட்டத்து எல்லை என்றார்கள். தோட்ட ஆபீஸில் கேட்டால், அந்த நிலத்தை எப்போதோ விட்டுக்கொடுத்தாகிவிட்டது, மன்றத்தைக் கேளுங்கள் என்றார்கள். இன்னோர் இலாகாவுக்கும் போனேன், ஆறாக இருந்தால் எங்களுடையது, இது ஆறு இல்லையே என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் ஒரு வரி எழுதித் தரவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். தேதியைத் தெரிந்துகொள்ளவே மூன்று முறை போன் போட வேண்டியிருந்தது. அன்று வாசலில் காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் பார்க்க வேண்டாம், கூட்டத்தைப் பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். அரை மணி நேரம் கழித்து ஓர் அதிகாரி, மலாய்க்காரப் பெண், என்னை அழைத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். இதுவரை இப்படி யாரும் வந்து பார்த்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. மாதா மாதம் கூடும் கூட்டம், அந்த வரிசை நாற்காலிகள் எப்போதும் காலிதான் போல.

கூட்டம் மலாயில்தான். முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்தினார்கள், அப்புறம் கடை லைசென்ஸ், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கு இடம் ஒதுக்குவது, புல் வெட்டும் குத்தகை, வீட்டு வரி பாக்கி என்று ஒவ்வொன்றாகப் போனது. பெரும்பாலும் ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய முடிந்துவிடும். ஏன் யாரும் பேசுவதில்லை என்று முதலில் புரியவில்லை. பேச்செல்லாம் அதற்கு முன்பே செயற்குழுக்களில் முடிந்துவிடுகிறது, அந்தக் குழுக் கூட்டங்களுக்கு இந்தத் திறந்த கதவு விதி கிடையாது, குழுவே பார்த்து அனுமதித்தால்தான் உண்டு.

பொதுப்பணி அறிக்கையில் எங்கள் தாமான் பேர் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்பக்கக் கால்வாயைச் சீரமைக்க அளவெடுத்து மதிப்பீடு போட்டாகிவிட்டது, ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரே ஒரு வரி வாசித்தார்கள். பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு வருடமாக முகப்பில் எங்களுடையது இல்லை என்று சொன்ன அதே கால்வாய், உள்ளே மன்றத்தின் கணக்கில் எப்போதோ ஏறியிருக்கிறது! மறுநாள் அந்த அறிக்கையின் தேதியைச் சொல்லி முகப்பில் கேட்டேன், இந்த முறை யாரும் தோட்டத்தைக் கைகாட்டவில்லை. அடுத்த வாரம் எங்கள் பகுதி கவுன்சிலர் நேரில் வந்து லோங்காங்கை எட்டிப் பார்த்தார். இன்னும் வேலை தொடங்கவில்லை, உண்மைதான். ஆனால் யாரை எதற்குக் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. தோட்டத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் சொல்வோம், அவர் ஆபீஸ் கிராணியிடம் சொல்வார், தோட்ட மேலாளரான துரை மனசு வைத்தால் நடக்கும். என் அம்மா ஆபீஸ் வாசலில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மன்ற முகப்பில் நானும் அப்படியேதான் நின்றிருக்கிறேன். ஆனால் இன்றைக்கு நாம் சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி, கட்டுகிறவர்கள். பிப்ரவரிக் கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டுக் கடைசிக்குள் ஒன்று, தவறினால் அபராதம். காசு கட்டுகிறவர்கள் கணக்குக் கேட்கலாம்.

கவுன்சிலர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது, ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர் வரை. 1951-இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. நம் சமூகத்து மனிதர் ஒருவர் செய்த அவ்வளவு பெரிய வேலையை இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? தேர்தல் வருமா என்பது என் கையில் இல்லை. கூட்டத்துக்குப் போவது என் கையில் இருக்கிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 23-ஆம் பிரிவு பத்திரிகைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கோயில் திருவிழாவுக்கும் அமைச்சர் வருகைக்கும் நிருபரை அனுப்புகிறீர்கள், மாதத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு சிறு ஊர் மன்றத்துக்கும் அனுப்புங்கள். கூட்டத் தேதிகளை ஒரு மூலையில் போட்டாலும் போதும். மன்றங்களும் தேதியை ஒரு வாரம் முன்னதாகப் பாசாரில் ஒட்டி வைக்கலாம், ஒரு தாள் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில். எங்கள் வரிசையிலிருந்து ஐந்து பேர் போகிறோம், பக்கத்து வீட்டு அக்காவும் வருகிறார். மலாய் சரளமாக வராதவர்களுக்குச் சொல்லித் தர, எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் தங்கை மகளையும் அழைத்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியை அவளே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்: ஒதுக்கீடு எந்த மாதம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேராக்