பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்புவது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பேணுவோர் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவன் நான். அவற்றில் பெயின்ட், குரோம் பூச்சு, இன்ஜின் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம் பிரேக்குக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

1960களின் அம்பாசடர், ஃபியட் 1100, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றாகத்தான் பிரேக் ஆயில் செல்கிறது. இக்காலக் கார்களில் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் கசிந்தாலும் மற்றொன்று வண்டியை ஓரளவு நிறுத்தும். அக்காலக் கார்களிலோ ஒரு சக்கரத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் கிழிந்தாலும் நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழந்துவிடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆகவே ஆயில் குறைந்தால், கசியும் இடத்தைக் கண்டறியும்வரை வண்டியை எடுக்கவே கூடாது. சக்கரத்தோடு சுழலும் பாகத்தில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் தேய்வதால்தான் அளவு குறைகிறது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். டிஸ்க் பிரேக்குக்கு அது பொருந்தும். முறையாக அட்ஜஸ்ட் செய்யப்படும் டிரம் பிரேக்கில் அளவு தொடர்ந்து இறங்குமானால் எங்கோ கசிகிறது என்றே பொருள்.

கசிவைத் தேடும் முன் காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவில் ஆயிலை நிரப்பி, குழாய்களையும் இணைப்புகளையும் துடைத்து உலர்த்திவிட்டு, இன்ஜினை நிறுத்திய நிலையில் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். முன்பின் சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு உண்டா, இரும்புக் குழாய்கள் கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்துள்ளனவா என்று பார்த்த பிறகு, சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றி, ஆயிலின் அழுத்தத்தால் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கினால் உள்ளே ஈரம் தெரிந்துவிடும். டிரம்மைக் கழற்றிய பின் பெடலை அழுத்தக் கூடாது. பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். பின்சக்கரத்தில் தென்படும் ஈரம் ஆக்ஸில் ஆயிலாகவும் இருக்கலாம். அது கெட்டியானது, நீரில் கரையாது. பிரேக் ஆயில் நீர் ஊற்றினால் கரைந்து போகும். பெடலுக்கு மேலே ஈரம் இருந்தால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஹெரால்டில் கிளட்ச்சின் மாஸ்டர் சிலிண்டரும் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், எந்த டப்பாவில் அளவு குறைகிறது என்று பார்த்த பிறகே கழற்ற வேண்டும். வெளியே சொட்டு ஈரமும் இல்லாமல், அழுத்திப் பிடித்த பெடல் மெல்லக் கீழிறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் திரும்புகிறது என்று கொள்ளலாம்.

பழுது நீக்கும்போது ரப்பர் கிட்டை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரமே சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழியாக்குகிறது. குழி விழுந்த சிலிண்டரில் போடும் புது ரப்பர் விரைவிலேயே கிழியும். அத்தகைய சிலிண்டரை மாற்றுவது, அல்லது அதனுள் ஸ்லீவ் எனும் புது உட்குழாயைப் பொருத்துவது ஒன்றே வழி. ஆயிலில் நனைந்த லைனிங்கைத் தீயில் காட்டியோ பெட்ரோலில் கழுவியோ மீண்டும் பொருத்துவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒரு பக்கம் மட்டும் புதியதாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால், அதே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் லைனிங் மாற்ற வேண்டும். ரப்பர் பாகங்களில் பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் படக் கூடாது. பட்டால் ரப்பர் உப்பிச் சிக்கிக்கொள்ளும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட டாட் 3 அல்லது டாட் 4 தர வகை பிரேக் ஆயிலை, புதிதாகத் திறந்த டின்னிலிருந்து ஊற்றி, பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சிலிகான் வகையான டாட் 5 இவற்றுடன் கலக்கக் கூடாதது.

பழைய கார்களை வாங்க இளைஞர்கள் பலர் முன்வருவது மகிழ்ச்சி தருகிறது. அவர்கள் படிக்கும் கட்டுரைகளில், வாங்கிய காரை முதன்முறை சாலையில் இறக்கும் முன் நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லும் ஒரு பத்தியையாவது சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹெரால்டு கார் உரிமையாளர் ஒருவர்,
தாம்பரம்.