டிலீட் செய்துவிட்டேன் என்றாயே, பாப்பா

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. துணி காயப்போட மாடிக்கு அவளே ஏறுகிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல். இவ்வளவையும் போனில் டைப் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

காலையில் நீ கூப்பிட்டபோது ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். சரி சரி என்று வைத்துவிட்டேன். ஆனால், "பழைய லேப்டாப்பை சனிக்கிழமை ஒருத்தர் வந்து வாங்கிக்கிறார், எல்லாத்தையும் டிலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன்ப்பா" என்றாயே, அது பகல் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

உனக்கு ஒரு விஷயம் சொன்னதே இல்லை. 2011, நீ ஆறாம் வகுப்பு. நத்தம் ரோட்டில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒரு காதுகுத்துக்குப் போன பையன், கம்ப்யூட்டரில் ஏற்றாத அந்த மெமரி கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்து, முப்பது படம் எடுத்தும்விட்டான். தாலி கட்டியது அதில்தான் இருக்கிறது. பெண்ணின் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? எனக்குக் கை நடுங்கியது. ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். அந்த நிமிடமே கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி போட்டோரெக் என்று, அழிந்த படங்களை மீட்கும் ஒரு புரோகிராமைப் போட்டான். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஓரத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. படங்களின் பழைய பெயரெல்லாம் போய், எஃப் என்று ஆரம்பிக்கும் நீள நீள நம்பர்களாக வந்து விழுந்தன. முகூர்த்தம் முழுசாகக் கிடைத்தது. கார்டின் தொடக்கத்தில் இருந்த மாப்பிள்ளை அழைப்புப் படங்கள் மட்டும் வரவில்லை, அந்த இடத்தில் காதுகுத்துக் குழந்தை உட்கார்ந்துவிட்டது. ஒரு படத்தில் மேல் பாதியில் மாலையும் முகமும், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம்.

கார்டின் கடைசியிலிருந்து இன்னொன்றும் வந்தது. இரண்டு மாதம் முன்பு எடுத்த வேறொரு கல்யாணம். அலங்காரம் முடிந்து அறையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது அந்தப் பெண். கை பழக்கத்தில் எடுத்துவிட்டேன். "அண்ணா, அதை அழிச்சிடுங்க" என்றது. அதன் கண்ணெதிரிலேயே குப்பைத்தொட்டிப் பட்டனை அழுத்தி, திரையையும் காட்டினேன். இப்போது அந்தப் படம், மடியில் கசங்கிக் கிடந்த கைக்குட்டை வரை தெளிவாக, அந்தத் தம்பி பார்க்க என் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது. எனக்குக் கூசிவிட்டது.

காரணம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. நம் நெகட்டிவ் நோட்டு நினைவிருக்கிறதா? எந்த வீட்டு விசேஷம் எந்தப் பெட்டியில் என்று தாத்தா எழுதி வைத்தது. நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் நெகட்டிவ் எரிந்துவிடுமா? டிலீட் என்பது நோட்டில் அடிப்பதுதான். மெமரி கார்டில் எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் ஃபேட் என்ற முறையில், கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி ஒரு குறி வைப்பார்கள், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வேலை. படம் அங்கேயே கிடக்கும், வேறொன்று வந்து மேலே எழுதப்படும் வரை. போட்டோரெக் நோட்டைப் பார்ப்பதே இல்லை, பெட்டி பெட்டியாகத் திறந்து ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைத் தேடுகிறது.

உன் லேப்டாப்பில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஆதார், பான் ஸ்கேன், சம்பளச் சீட்டு. கல்விக் கடனுக்காக நம் வீட்டுப் பத்திரத்தை நானே ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினேன். வாங்க வருபவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் அதை யாருக்கு விற்பார்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்று இரண்டு பேர் பழைய ஹார்ட் டிஸ்க் 158 வாங்கிச் சோதித்து 2003இல் எழுதினார்கள். வேலை செய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12தான். மற்றவற்றில் ஆயிரக்கணக்கில் கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன.

உன் டி டிரைவ், காலேஜ் சேர்ந்தபோது வாங்கிய பழைய சுழலும் டிஸ்க். ஃபார்மட் கொடுக்கும்போது க்விக் என்ற டிக்கை எடுத்துவிடு. விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். மணிக்கணக்காகும், ஆகட்டும். 35 தடவை மேலே மேலே எழுதி அழிக்க வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதே. பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் 1996இல் அந்தக் காலத்து டிஸ்க் வகைகளுக்குச் சொன்னது அது. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனை தேவையில்லை என்று பின்னால் அவரே சொல்லிவிட்டார்.

நீ அப்புறம் மாட்டிய எஸ்எஸ்டி, சுழலாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அது வேறு ஜாதி. அழித்ததும் டிரிம் என்ற கட்டளை போய், அது தானாகவே உள்ளே துடைத்துக்கொள்ளும். அதனால் மீட்பது கஷ்டம். ஆனால் தேய்மானத்தைச் சமமாக்க எழுதும் இடத்தை அதுவே மாற்றிக்கொண்டிருப்பதால், மேலே எழுதி அழித்தேன் என்றும் நம்ப முடியாது. அதில் முதலில் என்க்ரிப்ஷனை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி எல்லாவற்றையும் பூட்டுவதை, போட்டு, முழுக்க முடியும் வரை காத்திரு. பிறகு விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, டேட்டாவைத் துடைக்கும் ஆப்ஷனையும் ஆன் செய். சாவி தொலைந்த பெட்டிக்குள் எது கிடந்தால் என்ன? உன் பழைய போனைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை, அதில் என்க்ரிப்ஷன் இருந்தால், சாவியைத் தொலைக்கும் இந்த வேலையை ஃபேக்டரி ரீசெட்டிலேயே செய்துவிடும். கூகுள் கணக்கை மட்டும் முதலில் நீக்கிவிடு.

இதெல்லாம் பிறகு. அப்பத்தா முறுக்கு சுற்றிக்கொண்டே உன்னைத் திட்டும் வீடியோ அந்த டி டிரைவில்தானே இருந்தது? எனக்கு அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று அனுப்பவே இல்லை. எல்லாவற்றையும் டிலீட் செய்தாய் என்றால் அதுவும் அதில் போயிருக்கிறது. இதைப் படித்ததும் லேப்டாப்பை ஆஃப் செய். எதையும் காப்பி செய்யாதே, மீட்கிற புரோகிராம்கூட அதில் போடாதே. வாங்குபவரிடம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் லேப்டாப்போடு கிளம்பி வா. நான் தனியாக ஒரு காலி டிஸ்க் எடுத்து வைக்கிறேன். வீடியோ கிடைக்கிறதா பார்ப்போம், அப்புறம் இங்கேயே உட்கார்ந்து துடைத்துக்கொடுக்கிறேன்.

சார்ஜரை மறக்காதே.

அன்புடன்,
அப்பா