பெற்றோர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, வந்திருக்கும் தாய் தகப்பன்மாரே, அம்மம்மா அப்பம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் பெற்றோர் வட்டம் இவ்வாண்டு பதின்ம வயதுப் பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றியே பேசியது. கூட்டங்கள் வழமைபோல் வாசிகசாலை மண்டபத்தில் நடந்தன. சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் மட்டும் கூடவில்லை.

முதற் கூட்டத்துக்கு வந்த உளவளத்துணையாளர், அமெரிக்க உளவியலாளர் டயானா பௌம்ரிண்ட் பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1960களில் தொடங்கிய ஆய்விலிருந்து ஆரம்பித்தார். ஒழுங்கை எதிர்பார்ப்பது ஒன்று, பிள்ளையின் மனதுக்கு இடம் கொடுப்பது இன்னொன்று. இரண்டும் உள்ள வீடு, கண்டிப்பு மட்டும் உள்ள வீடு, செல்லம் மட்டும் உள்ள வீடு என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டுமே இல்லாத வீட்டை மக்கோபி, மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் 1983இல் நான்காவது வகையாகச் சேர்த்தார்களாம்.

அப்போது ஒரு தகப்பன் எழுந்து, “நான் அடி வாங்கித்தான் வளர்ந்தனான். என்ன குறைஞ்சு போனன்?” என்று கேட்டார். மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான். 1995 போர்க்கால இடப்பெயர்வையும் அதன் பின்னான ஆண்டுகளையும் கண்ட தலைமுறை நாங்கள். பொழுதுபட முன் பிள்ளை வீடு திரும்பாவிட்டால் உயிருக்கே உத்தரவாதமில்லாத காலம் அது. அந்தப் பயம்தான் இன்றும் எங்கள் வாயில் ஏச்சாக வருகிறது என்பது என் எண்ணம்.

உளவளத்துணையாளர் அவருக்குச் சொன்ன பதில் அமெரிக்க ஆய்வொன்றைப் பற்றியது. 14 முதல் 18 வயது வரையான சுமார் 4,000 மாணவர்களிடம் கேட்டு 1991இல் வெளியிட்டார்கள். கண்டிப்பு மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் சொற்கேட்டு நடந்தார்கள், ஆனால் தன்னம்பிக்கை குறைவு. செல்லம் மட்டும் கிடைத்தவர்களிடம் தன்னம்பிக்கை இருந்தது, படிப்பில் பிடிப்புக் குறைவு, போதைப்பொருட் பாவனை கூட. ஓராண்டின் பின் மீண்டும் பார்த்தபோது, இரண்டும் கிடைத்த பிள்ளைகள் முன்போலவே நன்றாக இருந்தார்கள். கவனிப்பாரற்ற பிள்ளைகளின் நிலை இன்னும் கீழே போயிருந்தது.

மனதைத் தொட்டது அடுத்த கூட்டம். வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைப் பெயர் போடாமல் எழுதித் தரும்படி பிள்ளைகளிடம் கேட்டோம். ஒரு துண்டில், “எனக்கு உயிரியல் ஓடேல்லை. கலைப்பிரிவுக்கு மாறப் போறன் எண்டு சொன்னா அப்பா கதைக்க மாட்டார்” என்று இருந்தது. அதை வாசித்ததும் மண்டபம் அடங்கிப் போனது. எங்கள் ஊரில் டியூசன் முடியும் நேரம், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதெல்லாம் பெற்றோருக்குத் தெரியும். இது தெரியாது. ஸ்டாட்டின், கெர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சுவீடனில் 14 வயதினரிடம் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: பெற்றோர் அறிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி, துருவித் துருவிக் கேட்டு வந்ததல்ல, பிள்ளை தானாக வந்து சொன்னது. ஏச்சு விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை சொல்லும்?

ஒரு தாய் சொன்ன வழி பலருக்குப் பிடித்தது. வகுப்பு ஏழு மணிக்கு முடிந்தால் ஏழரைக்கு வீட்டில் நிற்க வேண்டும், பிந்தினால் கோல் எடுக்க வேண்டும். நேரத்தை மகனே தீர்மானித்தான். சரி, அவன் பிந்திய நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். “முதல்ல சாப்பாடு போட்டன், பிறகுதான் கேட்டன்” என்றார்.

குறையும் உண்டு. தகப்பன்மாரின் வரவு போதாது. பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளுக்கென நாம் எதுவும் செய்யவில்லை. இது எனக்குப் பெரிய கவலை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள்: ஞாயிறு காலையில் தகப்பன்மாருக்குத் தனிக் கூட்டம்; சிறுவர் உதவிக்கு 1929, உளநல உதவிக்கு 1926 ஆகிய தொலைபேசி இலக்கங்களை வாசிகசாலைச் சுவரில் பெரிதாக எழுதுதல். துணைநின்ற அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்