காயிந்தாவில் தங்கிவிட்ட சென்னைப்பட்டணத்துச் சிப்பாய்க்கு

ஐயா,

வணக்கம். 1762-ல் ஆங்கிலேயத் தளபதி டிரேப்பர் துரையின் படையோடு சென்னைப்பட்டணத்தில் கப்பலேறினீர்கள். அக்டோபரில், ஸ்பெயின்காரர்கள் ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் விழுந்தது. 1764-ல் ஆங்கிலேயர்கள் நகரை ஸ்பெயின்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நீங்களும் உங்கள் சகாக்கள் சிலரும் மட்டும் கிளம்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தாவில் பெண் கட்டி, அங்கேயே இருந்துவிட்டீர்கள். கும்பெனிக்காரன் கணக்கில் நீங்கள் ஓடுகாலி. ஆனால் நீங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்த ஊரில் இருந்தவர்களையும், அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்தில், ஓடவிடாமல் ஓரிடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. 1571-ல் ஸ்பெயின் தளபதி லெகாஸ்பியின் பேரன் ஹுவான் டி சல்சேடோ படையோடு போனபோது காயிந்தாவில் ஆயிரம் பேர் அளவில் குடியிருந்தார்கள். சுற்றிலும் ஆள் நுழைய முடியாத மூங்கில் புதர், அதற்குள் மதில், மதில்மேல் சில சிறு பீரங்கிகள். ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆற்றின் ஒரு கிளை ஓடியது. மணிலா பணிந்த பிறகும் காயிந்தா பணியவில்லை, சண்டை போட்டுத்தான் தோற்றது. மணிலாவில் நீங்கள் பார்த்த கோட்டைச் சுவரைவிட எனக்கு அந்த மூங்கில் வேலிதான் பெரிதாகத் தெரிகிறது.

பீரங்கியால் பிடித்த ஊர்களைப் பாதிரியார்கள் மாதாகோயில் மணியால் கட்டிப்போட்டார்கள். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான தகாலோகு மக்கள் பரங்காய் என்னும் சிறு கூட்டங்களாக, முப்பது முதல் நூறு வீடுகள் வரை, ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் சிதறி வாழ்ந்தார்கள். சிதறிக் கிடப்பவனிடம் வரி வாங்குவது கஷ்டம், ஞானஸ்நானம் கொடுப்பதும் கஷ்டம். 1578-ல் வந்த பிரான்சிஸ்கன் துறவி ஹுவான் டி பிளாசென்சியாவும் அவருடைய கூட்டாளிகளும் லகூனா ஏரியைச் சுற்றி இந்த மக்களைச் சேர்த்து ஊர் ஊராக அமர்த்தினார்கள். நடுவே ஒரு சதுக்கம், அதன் ஒரு பக்கம் கோயில், இன்னொரு பக்கம் ஊர் அலுவலகம், சுற்றிலும் பெரிய குடும்பங்களின் வீடுகள். மணியோசை கேட்கும் தூரத்துக்குள் குடியிருப்பவனே நல்ல குடிமகன்.

சாமர்த்தியம் எங்கே என்றால், பழைய பரங்காய்த் தலைவனை அவர்கள் ஒழித்துக்கட்டவில்லை. 'கபேசா' என்று பட்டம் கட்டி, அவன் வரியைத் தள்ளுபடி செய்து, மற்றவர்களின் வரியை வசூலிக்கிற வேலையை அவன் தலையிலேயே போட்டார்கள். நம் பக்கத்து மிட்டாதார், மிராசுதார் கதைகளை நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை செய்ய வேண்டும். இன்று சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கிற கற்கோயில்கள் பலவற்றில் அந்த உழைப்பு இருக்கிறது.

பக்கத்து ஊரான தாய்தாயின் கதையையும் சொல்லவேண்டும். அது முதலில் ஏரிக்கரைத் தாழ்நிலத்தில் இருந்தது. மழைக்காலத்தில் கோயிலுக்குள் தண்ணீர் வந்துவிடும். 1590-களில் இயேசு சபைப் பாதிரியார் பெத்ரோ சிரினோ பேசிப் பேசி ஊரையே மேட்டுக்கு நகர்த்தினார். பாதிரியார்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நிறைய உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. இந்தப் பக்கத்துத் தாழ்நிலங்களில் பிற்காலத்தில் வரிசை வரிசையாக வீட்டுமனை போட்டு விற்றார்கள். 2009 செப்டம்பர் 26-ல் ஒண்டோய் புயல் வந்தபோது காயிந்தாவில் வீடுகள் மூழ்கின.

காயிந்தா நெடுங்காலம் தாய்தாயின் கிளையாக இருந்து, 1760-ல்தான் தனி ஊரானது. அதாவது நீங்கள் வந்தபோது அது தனி ஊராகி இரண்டே வருஷம். 1849-ல் கவர்னர் கிளாவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அச்சடித்து, குடும்பத்துக்கு ஒரு குடும்பப்பெயர் என்று ஊர் ஊராக வழங்கச் செய்தார். ஆகவே உங்கள் பேரன் பேத்திகளைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கரே-கரே என்ற குழம்பை உங்கள் கைவரிசை என்று சிலர் சொல்கிறார்கள். மாட்டுவாலை வேகவைத்து, வேர்க்கடலையும் வறுத்த அரிசியும் அரைத்து ஊற்றி, உறைப்பே இல்லாமல் இறக்கி, புளிக்கவைத்த இறால் விழுதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். மிளகாய் இல்லாத குழம்பை நீங்கள் வைத்தீர்கள் என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

மாகாணக் கதை இதைவிடக் குழப்பம். 1853-ல் தோந்தோ மாகாணத்திலிருந்து காயிந்தா, தாய்தாய், அந்திப்போலோவையும், லகூனாவிலிருந்து மோரோங், தானாய் போன்ற ஊர்களையும் பிய்த்து ஒரு மாவட்டம் ஆக்கினார்கள். 1857-ல் அதற்கு மோரோங் என்று பெயர். பிறகு வந்த அமெரிக்கர்கள் 1901 ஜூனில் பாசிக் என்ற ஊரின் கோயிலில் ஊர்ப் பிரதிநிதிகளைக் கூட்டினார்கள். தனி அரசாங்கம் நடத்த மோரோங்குக்குக் காசு போதாது, மணிலா மாகாணத்தோடு சேர் என்று ஒரு கட்சி. கூடாது என்று இன்னொரு கட்சி. கடைசியில் சேர்த்து, 1896-ல் ஸ்பெயின்காரர்கள் சுட்டுக் கொன்ற ஹோசே ரிசாலின் பெயரையே வைத்தார்கள். ரிசால் பிறந்ததென்னவோ லகூனாவில்! காயிந்தாவை மறுபடி தாய்தாயோடு ஒட்டி, 1914-ல் மறுபடி பிரித்தார்கள்.

1975-ல் அதிபர் மார்க்கோஸ் ரிசால் மாகாணத்திலிருந்து 12 ஊர்களை வெட்டி மணிலா பெருநகரோடு சேர்த்தார். பாசிக் ஊரும் அதில் போய்விட்டதால், அங்கிருந்த ரிசால் மாகாணத்தின் தலைமைச் செயலகம் 2009 வரை மாகாணத்துக்கு வெளியே இருந்தது. இப்போது அது அந்திப்போலோவில் இருக்கிறது. அந்திப்போலோ 1998-லேயே நகரமாகிவிட்டது. உங்கள் காயிந்தா மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் ஜனத்தை வைத்துக்கொண்டு, காகிதத்தில் இன்னும் நகரம் ஆகாமலே இருக்கிறது.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒருவன்