98 நாளாக வராத சார்ஜர்: ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஜனவரி 9 அன்று செய்த பேக் ஆர்டர் (கையிருப்பில் இல்லாத பொருளுக்கு முன்கூட்டியே செய்யும் ஆர்டர்) குறித்து

வணக்கம்.

ஜனவரி 9ஆம் தேதி உங்கள் இணையக் கடையில் இரண்டு பொருள்கள் வாங்கினேன். ஒன்று, என் அம்மாவின் காது மெஷினுக்கான சார்ஜர் பெட்டி. மற்றொன்று, காது அழுக்கு மெஷினுக்குள் போகாமல் தடுக்கும் குட்டி ஃபில்டர்கள். இன்று ஏப்ரல் 17. இரண்டுமே வந்து சேரவில்லை. பணம் முழுவதையும் ஆர்டர் செய்த அன்றே என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

சாட்டில் நான் பேசிய ஒவ்வொருவரும் இதை ஏதோ ஓர் உதிரிப் பொருள் தாமதமாகிற விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்தப் பெட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 74. இரண்டு காதிலும் மெஷின் வைத்தால்தான் பேச்சு புரியும். முன்பு வைத்திருந்த மெஷினில் பட்டன் செல் போடலாம். தீர்ந்தால் கடையில் வாங்கி மாற்றிக்கொள்வோம். இப்போது உள்ளது ரீசார்ஜ் வகை. பேட்டரி உள்ளேயே வைத்து மூடியிருக்கிறது, வேறு செல் போட வழியில்லை. அந்த மாடலுக்குப் பொருந்தும் பெட்டியில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும். பெட்டி போனால், நல்ல நிலையில் இருக்கும் மெஷினும் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

ஜனவரி முதல் வாரத்தில் பெட்டியின் இடது குழி வேலை செய்யவில்லை. உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தோம், சரியாகவில்லை. வலது குழி மட்டும் நன்றாக இருந்தது. உங்கள் தளத்தில் தேடியபோது, “தற்போது கையிருப்பில் இல்லை. இப்போதே ஆர்டர் செய்யலாம். 2 முதல் 3 வாரங்களில் அனுப்பப்படும்” என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து யோசித்தோம். ஒரு மெஷின் முழுதாகச் சார்ஜ் ஏற 3, 4 மணி நேரம் பிடிக்கிறது. ஒரே குழியில் மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று வாரத்தை ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். சாயங்காலமே ஒன்றைக் கழற்றிப் போடுவோம். படுக்கப் போகும்போது அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுவோம். சிரமம்தான், ஆனால் உங்கள் மூன்று வாரத்தை நம்பி அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டோம்.

மூன்று வாரம் முடிந்த மறுநாள், ஜனவரி 31 அன்று, மின்னஞ்சல் வந்தது. புதிய தேதி பிப்ரவரி 20. காரணம் எதுவும் இல்லை. சரி, விநியோகத்தில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். பிப்ரவரி 13 அன்று வலது குழியும் நின்றுபோனது. அன்று ராத்திரி உங்கள் சாட்டில் எழுதினேன். “இது காது கேட்கும் கருவிக்கானது, வேறு வழியில்லை, உண்மையாகவே 20ஆம் தேதி அனுப்புவீர்களா?” என்று கேட்டேன். “கண்டிப்பாக, கவலைப்பட வேண்டாம்” என்று பதில் வந்தது. அந்த உரையாடல் அப்படியே என்னிடம் இருக்கிறது. 21ஆம் தேதி இன்னொரு மின்னஞ்சல் வந்தது: மார்ச் 15. மார்ச் 16 அன்று மின்னஞ்சல்கூட வரவில்லை. நானாக ஆர்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது “தேதி பின்னர் அறிவிக்கப்படும்” என்று மாறியிருந்தது.

தாமதம் யாருக்கும் நேரலாம். தயாரிப்பாளர்கள் உதிரிப் பாகங்களைத் தினமும் செய்வதில்லை, ஒரு தொகுதி செய்தபின் அடுத்த தொகுதிக்கு மாதங்கள் ஆகலாம் என்பது எனக்கும் புரிகிறது. நீங்கள் கொள்முதல் ஆர்டர் போட்டும் பொருள் வராமல் போயிருந்தால் அதற்காக நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன்.

ஆனால் பிப்ரவரி 21 அன்று அந்தப் பொருளின் பக்கத்தை மறுபடி பார்த்தேன். “2 முதல் 3 வாரங்களில் அனுப்பப்படும்” என்ற அதே வரி அப்படியே இருந்தது. மார்ச் 28 அன்றும் இருந்தது. என்னிடம் தேதியே தெரியாது என்று நீங்கள் சொல்லிவிட்ட பிறகும், புதிதாக வருகிறவர்களிடம் அதே மூன்று வாரத்தைச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரி எந்தக் கொள்முதலோடும் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை. யார் எந்த நாளில் வந்து பார்த்தாலும் அன்றிலிருந்து மூன்று வாரம் என்று காட்டும் வாசகம் அது. அதை ஒரு தேதி என்று நம்பி அம்மாவின் காதை அடமானம் வைத்தது போல் ஆகிவிட்டது. மூன்று நாளிலும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் உள்ளன.

கடைசியில் ஏப்ரல் 2 அன்று மெஷினைத் தயாரித்த நிறுவனத்துக்கே நேராக எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. அந்தச் சார்ஜர் மாடலைத் தயாரிப்பதைப் போன வருடமே நிறுத்திவிட்டார்களாம். அதற்குப் பதிலாக வந்த புதிய மாடல் அம்மாவின் மெஷினுக்கும் பொருந்துமாம், அது கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதாம். 5ஆம் தேதி வேறொரு கடையில் ஆர்டர் செய்தேன். 9ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தப் பதிலைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நான் ஆர்டர் செய்த நாளிலேயே அந்தப் பெட்டி எங்கும் தயாரிப்பில் இல்லை. நீங்கள் அன்றே விசாரித்திருந்தாலும், பிப்ரவரியில் நான் கெஞ்சிக் கேட்டபோது விசாரித்திருந்தாலும், இரண்டு நாளில் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு நான்கு நாளில் புதுப் பெட்டி வந்திருக்கும்.

பிப்ரவரி 13இலிருந்து ஏப்ரல் 9 வரை 55 நாள். அந்த 55 நாளும் அம்மா வீட்டில் யார் பேசினாலும் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முதல் வாரம் “என்ன, என்ன” என்று கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். போன் வந்தால் எடுத்து என்னிடம் நீட்டிவிடுவார். வெளியே நடக்கப் போவதையும் விட்டுவிட்டார், பின்னால் வண்டி வருவது தெரியாது என்ற பயம். இப்போது மெஷின் போட்ட பிறகும் பாத்திரம் வைக்கும் சத்தம்கூட அவருக்கு அதிகமாகத் தெரிகிறது. இடைவெளி விட்டு மறுபடி போடும்போது சத்தங்களுக்கு மூளை திரும்பப் பழக நாளாகும் என்று ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) சொன்னார். இதையெல்லாம் உங்களுக்கு எங்கள் மேல் இரக்கம் வர வைக்க எழுதவில்லை. “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்ற ஒரே வரியை எத்தனையோ முறை அனுப்பினீர்கள். அந்தத் தாமதம் எப்படி இருந்தது என்று உங்களில் ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஃபில்டர் விஷயம் சிறியது, ஆனாலும் சொல்ல வேண்டும். அது உங்களிடம் கையிருப்பில் இருந்தது. ஜனவரி 20 அன்று அதையாவது தனியாக அனுப்பச் சொன்னேன். ஆர்டர் முழுமையானதும் சேர்த்து அனுப்புவோம் என்றீர்கள். இருக்கிற பொருளையும் இல்லாத பொருளோடு கட்டிப் போட்டுவிட்டீர்கள். அதையும் வெளியில் வாங்கிக்கொண்டேன்.

இனி ரத்து விஷயம். ஏப்ரல் 10 அன்று ஆர்டரை ரத்து செய்யப் போனேன். ஆர்டர் “செயலாக்கத்தில்” இருப்பதால் ரத்து பொத்தான் அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தது. மூன்று மாதமாக எதுவும் நடக்காத ஆர்டரில் என்ன செயலாக்கம் நடக்கிறது? 11ஆம் தேதி சாட்டில் கேட்டபோது, சப்ளையரிடம் உறுதி கேட்ட பிறகுதான் ரத்து செய்ய முடியும் என்றும், வேண்டுமானால் உங்கள் கடையிலேயே செலவழிக்கும்படி கிரெடிட் தருவதாகவும் சொன்னார்கள். உங்கள் சப்ளையருக்கும் எனக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. நான் பணம் கொடுத்தது உங்களிடம். என் புகாருக்குப் போட்ட டிக்கெட், நான் பதில் எழுதிய பிறகும், “தீர்க்கப்பட்டது” என்று தானாக இரண்டு முறை மூடப்பட்டது.

பணத்தை எடுத்த விதத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. கார்டில் ஒரு தொகையை ஒதுக்கி நிறுத்தி வைப்பது வேறு, எடுத்தே விடுவது வேறு. பொருளை அனுப்பும் நாளில் மட்டும் பணம் எடுக்கும் கடைகள் பல உண்டு. எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாத பொருளுக்கு முதல் நாளே முழுத் தொகையையும் எடுத்துவிட்டதால், தாமதத்தின் செலவு எல்லாம் என் பக்கம் வந்துவிட்டது. உங்களுக்கு அவசரப்படக் காரணமே இல்லாமல் போய்விட்டது. நேர்மையாகச் சொல்கிறேன், இந்த ஒன்றை மாற்றினால் உங்கள் தேதிகள் தானாக உண்மைக்கு அருகில் வந்துவிடும்.

தபாலில் பொருள் விற்ற காலத்திலேயே இப்படிப்பட்ட தாமதத்துக்கு விதி எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு விதிப்படி, சொன்ன காலத்துக்குள் (காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்) அனுப்ப முடியாது என்றால், விற்பவர் அதை வாங்கியவரிடம் சொல்லி, காத்திருக்கச் சம்மதமா, பணம் திரும்ப வேண்டுமா என்று கேட்க வேண்டும். எப்போது அனுப்புவோம் என்றே சொல்ல முடியாத நிலையில், வாங்கியவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை ஆணையும் பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும், வேறு தேதி பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாளுக்குள் பொருள் சேர வேண்டும் என்கின்றன. இங்கே எந்தச் சட்டம் செல்லும் என்று உங்களோடு வாதாட வரவில்லை. உங்கள் இரண்டு மின்னஞ்சலிலும், ஆர்டர் பக்கத்திலும், “காத்திருக்க விருப்பமா?” என்ற கேள்வி ஒரு முறைகூட இல்லை என்பதைத்தான் காட்டுகிறேன். ஜனவரி 31 அன்று “எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியவில்லை, வேண்டுமானால் ரத்து செய்துகொள்ளுங்கள்” என்று எழுதியிருந்தால், உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு அன்றே வேறு இடம் தேடியிருப்பேன். வலது குழி அப்போது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு வேண்டியது இதுதான். இந்த ஆர்டர் முழுவதையும் ரத்து செய்து, ரத்தானதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அனுப்பும் கட்டணம் உட்பட மொத்தப் பணத்தையும் நான் கொடுத்த அதே கார்டுக்கு ஏப்ரல் 27க்குள் திருப்புங்கள். கடைக் கிரெடிட்டை ஏற்க மாட்டேன். இதற்குப் பிறகு எதையும் அனுப்ப வேண்டாம். பழைய மாடல் எங்காவது கிடைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால், பொருள் வந்து சேரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்வேன். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. ஆர்டர் செய்த நாளிலிருந்தே எண்ணினாலும் எனக்கு இன்னும் 22 நாள் இருக்கிறது. இன்னொரு புதுத் தேதியைச் சொல்லி அதைக் கடத்த வேண்டாம்.

இன்னொரு விஷயம், எனக்காகக் கேட்பது இல்லை. அந்தப் பக்கம் நேற்று இரவும் திறந்திருந்தது. இப்போதும் அதே மூன்று வாரம்தான். தயாரிப்பு நின்றுவிட்டது என்று எழுதி, பொருந்தக்கூடிய புதிய மாடலின் பெயரைப் போட்டு, அந்தப் பக்கத்தில் ஆர்டர் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். என்னைப் போல் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். அந்தப் பெட்டியை வீட்டில் அழகுக்கு வைக்க யாரும் வாங்குவதில்லை. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் காது கேட்காமல் ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.

ஆர்டர் உறுதிச் சீட்டு, கார்டு கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கம், உங்கள் மின்னஞ்சல்கள், சாட் உரையாடல்கள், மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள், தயாரிப்பாளர் அனுப்பிய பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லும் உறுதியை இனி ஏற்பதாக இல்லை.

இப்படிக்கு,
மேற்படி ஆர்டரின் வாடிக்கையாளர்
ஏப்ரல் 17